முகத் தசைப் பயிற்சி: எவ்வளவு பலமாகச் செய்ய வேண்டும்?

சாரல்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முகவாதம் (டாக்டர் பெல்ஸ் பால்சி என்றார்) வந்து சில வாரங்கள் ஆகின்றன. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. நெற்றி சுருங்குவதில்லை, கண் முழுதாக மூடுவதில்லை, தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிகிறது. ஸ்டீராய்டு உடனே ஆரம்பித்துவிட்டார்கள், அந்த கோர்ஸும் முடிந்தது. கடைசியாக ஒரு தாளைக் கையில் கொடுத்து "பயிற்சி செய்யுங்கள்" என்றார்கள். புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுருக்கு, கன்னத்தை ஊதிப் பிடி, பல் தெரியச் சிரி, உதட்டைக் குவி. எத்தனை தடவை, எவ்வளவு அழுத்தமாக, எதுவும் அதில் இல்லை.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமியார் பபிள் கம் மெல்லச் சொல்கிறார். தம்பி பலூன் வாங்கி வந்துவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா கரண்ட் வைத்தால்தான் சரியாகும் என்கிறார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், உண்மையில் எது வேலை செய்யும்?

ஊதாப்பூ

பலூன்தான். தைரியமாக ஊதுங்கள். என் சித்தப்பாவுக்கு அதில்தான் சரியானது.

சந்தேகப்பிராணி

சித்தப்பாவுக்குப் பலூன் ஊதாமலே சரியாகியிருக்கும் என்பது என் ஊகம். பெல்ஸ் பால்சி வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மருந்தே இல்லாமல் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) ஆரம்பித்தால் இன்னும் அதிகம். 2007-ல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் ஒன்பது மாத முடிவில் பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், எடுக்காதவர்களில் சுமார் 82 சதவீதம். இப்படி ஒரு நோயில் யார் எதைச் செய்தாலும் கடைசியில் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பலூனுக்கும் சேர்த்து.

பயிற்சிக்கு ஆதாரம் என்ன என்று பார்த்தால், 2011 காக்ரேன் தொகுப்பு (வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அறிக்கை) "தரமான ஆதாரம் இல்லை" என்றுதான் சொல்கிறது. ஆகவே சாரல், ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் குடி முழுகிப் போகாது.

குமரன் பிசியோ

சந்தேகப்பிராணி, அந்தத் தொகுப்பில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆளுக்குத் தகுந்தபடி அமைத்த முகப் பயிற்சி, ஓரளவு பாதிப்பு உள்ளவர்களுக்கும் நாள்பட்டுப் போனவர்களுக்கும் பயன் தரலாம் என்று அதே தொகுப்பில் இருக்கிறது. ஆதாரம் பலவீனம்தான், மறுக்கவில்லை. ஆனால் "தரமான ஆதாரம் இல்லை" என்பதும் "பயன் இல்லை" என்பதும் ஒன்றல்ல.

சாரல், பயிற்சிக்கு முன்னால் கண்ணைப் பற்றிக் கேட்கிறேன். சொட்டு மருந்து விடுகிறீர்களா? இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி டேப் ஒட்டுகிறீர்களா? மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். முகம் ஆறு மாதத்தில் திரும்பி வரலாம், கருவிழியில் விழுந்த தழும்பு அப்படிப் போகாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பயிற்சித் தாளில் இதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

இனி வீட்டார் சொன்னவை. மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது மண்டை நரம்பு. உங்களுக்குப் பழுதானது ஏழாவது. நீங்கள் எவ்வளவு மென்றாலும் வேலை செய்வது ஏற்கெனவே நன்றாக இருக்கும் தசைதான்.

பலூன் ஊதும்போது காற்று பலவீனமான பக்கம் வழியாகக் கசியும். அதை ஈடுகட்ட நல்ல பக்கம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஏற்கெனவே முகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கம்தான், அதற்கு இன்னும் பலம் எதற்கு?

கரண்ட்: பலன் உண்டு என்று நல்ல ஆய்வு எதுவும் நிறுவவில்லை. தசைகளை மொத்தமாகச் சேர்ந்து சுருங்க வைப்பதால், முகத்துக்கென்றே வேலை செய்யும் பல தெரபிஸ்டுகள் அதைத் தொடுவதில்லை. நானும்தான்.

சந்தேகப்பிராணி

ஒரு சின்னத் திருத்தம். கன்னத்தின் உள்பக்கத் தசை ஏழாவது நரம்பில்தானே வருகிறது? சாப்பிடும்போது அதுவும் வேலை செய்கிறது.

குமரன் பிசியோ

சரிதான். சோற்றைப் பல்லுக்கு இடையே தள்ளிக் கொடுப்பது அந்தத் தசை. அது படுத்துவிட்டதால்தான் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே உணவு தங்குகிறது. சாப்பிட்டதும் விரலாலோ நாக்காலோ துழாவி எடுத்து வாய் கொப்பளித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல் கெட்டுப்போகும். ஆனால் நரம்பு உயிர்பெறும் முன் கம் மென்று அந்தத் தசையை எழுப்ப முடியாது.

சாரல்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். டேப் ஒட்டுவதில்லை, இன்று இரவிலிருந்து ஒட்டுகிறேன். அப்படியானால் இந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடவா? கண்ணாடி முன் நின்று எவ்வளவு முக்கினாலும் அந்தப் பக்கம் அசைய மாட்டேன் என்கிறது. அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

ஓரக்கண்

சாரல், முக்காதீர்கள். இந்த ஒரு வார்த்தை சொல்லத்தான் நெடுநாள் கழித்து லாகின் செய்தேன்.

எனக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன இடத்தில் "எவ்வளவு வேகமாகச் செய்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் வரும்" என்றார்கள். அசைவு திரும்பி வந்தது, ஆனால் கலந்து வந்தது. சிரித்தால் இடது கண் சுருங்கி மூடிக்கொள்கிறது. கண்ணை மூடினால் வாயோரம் மேலே ஏறுகிறது. உதட்டைக் குவித்தால் தாடை நுனியில் குழி குழியாக விழுகிறது, கழுத்தில் ஒரு பட்டை புடைத்து நிற்கிறது. சாப்பிடும்போது அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர் வரும். புகைப்படத்தில் எல்லோரும் சிரிக்க நான் கண்ணடிப்பதுபோல இருப்பேன். (ஒரு கல்யாணத்தில் இதனால் சிறு குழப்பமே வந்தது, அது வேறு கதை.)

இதற்குப் பெயர் சின்கைனிசிஸ். அழுத்திச் செய்ததால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, நரம்பு மோசமாக அடிபட்டவர்களுக்கு எப்படியும் வரக்கூடியதுதான். ஆனால் பின்னால் வேறொரு தெரபிஸ்டிடம் போனபோது அவர் முதலில் செய்தது எல்லாப் பயிற்சியையும் நிறுத்தியதுதான்.

அவர் சொல்லிக் கொடுத்தவை எல்லாம் சின்ன விஷயங்கள். முதலில் தளர்த்துவது. இறுகிப்போன கன்னத்தை உள்ளே கட்டைவிரலும் வெளியே ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து மெல்ல நீட்டிவிடுவது. அப்புறம் கண்ணாடி முன்னால் மிகச் சின்ன சிரிப்பு. கண் சுருங்க ஆரம்பிக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணைத் தளர்த்தி, திரும்ப அதே அளவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். பல மாதங்கள் பிடித்தன. இடையில் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் தசையைத் தளர்த்தும் பொடாக்ஸ் ஊசியும் போட்டுக்கொண்டேன். அது தற்காலிகம்தான், சில மாதங்களில் இறங்கிவிடும். ஆனால் அந்த இறுக்கம் இல்லாத நாட்களில் பயிற்சி செய்வது எவ்வளவோ சுலபம்.

குமரன் பிசியோ

ஓரக்கண் எழுதியதை அந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். அடிபட்ட நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அதனால்தான் மோசமான பாதிப்பில் அசைவு வர மாதக்கணக்கில் ஆகிறது. வளரும் இழைகளில் சில வழி தவறிப் போகும், வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கு. லைன்மேன் இரண்டு வீட்டு வயரையும் மாற்றிக் கொடுத்த கதை. சுவிட்சை எவ்வளவு அழுத்திப் போட்டாலும் எரிவது அடுத்த வீட்டு விளக்குதான்.

இன்னொன்று. கை கால் தசைகளுக்குள் நீட்சியை உணரும் சின்ன உறுப்புகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டாலும் முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. முகத் தசைகளில் அவை மிகமிகக் குறைவு. தசையின் ஒரு முனை தோலிலேயே பதிந்திருக்கிறது. அதனால் முகம் என்ன செய்கிறது என்று மூளைக்குச் சரியான தகவல் போவதில்லை. கண்ணாடி அதற்காகத்தான்.

சாரல், அசைவே இல்லாத இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பாதித்த கன்னத்தை விரலால் மென்மையாக மேல்நோக்கித் தடவிவிடுங்கள். நல்ல பக்கம் இறுகியிருந்தால் அதையும் தளர்த்துங்கள். இரு பக்கமும் சமமாக இருக்கும்படி, பாதித்த பக்கத்தை விரலால் தூக்கிக் கொடுத்துச் சிரிப்பதை மனதில் நினைத்துப் பாருங்கள். கண்ணை மூட வேண்டுமென்றால் முதலில் கீழே பாருங்கள், அப்புறம் இமையை விரலால் மெல்ல இறக்குங்கள். அவ்வளவுதான்.

முதல் துடிப்பு தெரிந்த பிறகு மற்றவை. ஒரு அசைவுக்கு நாலைந்து தடவை, மெதுவாக, நல்ல பக்கம் முந்திக்கொண்டு ஓடாதபடி அதை விரலால் பிடித்துக்கொண்டு. களைப்பு தெரியும் முன் நிறுத்திவிடுங்கள். உதட்டுக்கு ப, ம, வ மூன்றும் போதும். சத்தம் போடாமல் 'பா' சொல்லி, உதடு நடுவில் மூடுகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். 'ஈ', 'ஊ' மாற்றி மாற்றிச் சொல்வதும் நல்லதுதான், பாதி அளவில். அழுகை வரும் நாளில் கண்ணாடியை எடுக்கவே வேண்டாம்.

எட்டுக்கட்டை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்குப் பக்கவாதம். கை கொஞ்சம் தேறிவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணியே இருக்கிறது. பேச்சு குழறுகிறது. காபி, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. நெற்றி மட்டும் நன்றாகச் சுருங்குகிறது, அது எப்படி? குமரன் சார் சொன்ன இதே பயிற்சிகளை அப்பாவுக்கும் செய்யலாமா?

மொழிச்செல்வி

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், இந்தக் கேள்வி என் பக்கம்.

நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்கம் மூளை அடிபட்டாலும் மறுபக்கம் பார்த்துக்கொள்ளும். முகத்தின் கீழ்ப்பகுதிக்கு அந்த வசதி பெரிதாக இல்லை. பெல்ஸ் பால்சியில் நரம்பே பழுது என்பதால் நெற்றியும் சேர்ந்து போகும். எமர்ஜென்சியில் டாக்டர் "புருவத்தைத் தூக்குங்கள்" என்று கேட்பது இதற்குத்தான். ஆனால் இதை வைத்து வீட்டில் யாரும் முடிவு எடுக்காதீர்கள். திடீரென்று வாய் கோணினால் நேரே மருத்துவமனைதான்.

தம்பி, அப்பா விஷயத்தில் வாய் கோணல் எனக்கு இரண்டாம் பட்சம். புரையேறுவதுதான் முதலில். விழுங்கியது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. இருமல் வந்தால் ஒருவகையில் நல்லது, காவல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பக்கவாதத்தில் சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும். குடித்த பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று மாறுகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, சாப்பிட மிக நேரம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். நிமோனியா வரை போகக்கூடிய விஷயம் இது. விழுங்குதலைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

அந்தப் பரிசோதனை முடியும் முன் யூடியூப் பார்த்து எதையும் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஷேக்கர் பயிற்சி என்று ஒன்று: மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிடிப்பது மூன்று முறை, அப்புறம் முப்பது முறை தூக்கி இறக்குவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். உணவுக்குழாயின் வாசல் நன்றாகத் திறக்க உதவும். ஆனால் கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு இது ஆகாது. இன்னொன்று மசாகோ: நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையே பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. தொண்டையின் பின்சுவருக்கான பயிற்சி. எச்சிலோடு மட்டும்தான். வாயில் சோற்றையோ தண்ணீரையோ வைத்துக்கொண்டு செய்தால் எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதையே வரவழைத்துவிடும். பல வீடியோக்களில் இதைச் சொல்வதில்லை.

"தாடையைக் கீழே இறக்கி விழுங்கு" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்குப் பயனே இல்லை.

பேச்சுக் குழறலுக்குப் பேச்சைத்தான் பழக்க வேண்டும். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தை. நாக்கை நீட்டி இடவலம் ஆட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், பேச்சில் அந்த அசைவு எங்கே வருகிறது?

எட்டுக்கட்டை

மிக்க நன்றி அக்கா. குரல் மாறுவது உண்மை, நாங்கள் அதைச் சளி என்று நினைத்தோம். நாளைக்கே அழைத்துப் போகிறேன்.

வெண்பா அம்மா

அக்கா, நாக்கை ஆட்டுவது பற்றிச் சொன்னீர்களே. என் மகளுக்கு நாலு வயது. 'க' வராது, 'த' என்பாள். காக்கா என்றால் தாத்தா. வீட்டில் ஒரே சிரிப்பு, எனக்குத்தான் கவலை. போகும் வகுப்பில் விசில் ஊதுவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, நாக்கால் உதட்டைச் சுற்றி நக்குவது, இதுதான் வாராவாரம். நாக்குக்குப் பலம் வர வேண்டுமாம். பல மாதம் ஆயிற்று, விசில் பிரமாதமாக ஊதுகிறாள்.

ஊதாப்பூ

எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் விசில்தான் கொடுத்தார்கள், பேச்சு வந்துவிட்டதே!

மொழிச்செல்வி

ஊதாப்பூ, குழந்தை அதற்குள் ஒரு வயது வளர்ந்துமிருக்கும். நாலு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவே தானாகவே எவ்வளவோ மாறும்.

இந்த விஷயத்தில் என் துறைக்குள்ளேயே நீண்ட நாள் சண்டை உண்டு, என் கட்சியை ஒளிக்கப் போவதில்லை. பேசுவதற்கு உதடும் நாக்கும் தம் முழு பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கின்றன. பேச்சுக்கு வேண்டியது வேகமும் துல்லியமும். வெண்பா நன்றாக மென்று சாப்பிடுகிறாள், விழுங்குகிறாள், விசில் ஊதுகிறாள் என்றால் நாக்கில் பலக்குறைவு எங்கே இருக்கிறது? 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பும் பேச்சொலிப் பிரச்சினைக்கு இந்தப் பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகள் உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

'க'வுக்கு நாக்கின் பின்பகுதி மேலே போய் அண்ணத்தைத் தொட வேண்டும். அவள் நுனியைத் தூக்குகிறாள். அதைத்தான் மாற்ற வேண்டும். முதலில் இரண்டு ஒலிக்கும் வித்தியாசம் காதில் விழுகிறதா என்று பாருங்கள்: கடை, தடை என்று சொல்லிப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒலி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாக. அவள் "தாத்தா" என்று காக்காவைக் காட்டும்போது திருத்தாமல், "ஆமாம், காக்கா! காக்கா பறக்குது" என்று நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். காது கேட்கும் பரிசோதனை செய்யாவிட்டால் அதையும் செய்துவிடுங்கள். வகுப்பில் "இந்தப் பயிற்சி எந்த ஒலிக்கு?" என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

சந்தேகப்பிராணி

இந்த இழையில் முதல் முறையாக ஒரு பதிலை முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

முக்கால்வாய்

எனக்குப் பிரச்சினை நேர்மாறு. வாய் திறக்காது. தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்த பிறகு தாடை இறுகிவிட்டது. மூன்று விரலை நெடுக்காக வாய்க்குள் வைக்க முடிய வேண்டும் என்பார்கள், எனக்கு இரண்டே தகராறு. என் போன்றவர்களுக்குப் பயிற்சி என்றால் நீட்சிதான், அதுவும் தினமும். தாடை நீட்டும் கருவியோடு வரும் ஏழு-ஏழு-ஏழு முறை எனக்கு ஒத்துவந்தது: ஒரு நாளைக்கு ஏழு வேளை, வேளைக்கு ஏழு தடவை, ஒவ்வொன்றும் ஏழு நொடி. கருவி இல்லாதபோது மரக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையே வைத்து, வாரம் போகப் போக ஒன்று சேர்த்தேன். கதிர்வீச்சு முடிந்து மாதங்கள் கழித்தும் இறுக்கம் கூடிக்கொண்டே போகும், அதனால் சிகிச்சை நடக்கும்போதே ஆரம்பித்தால் நல்லது. பாக்கு போட்டு வாய் இறுகியவர்களுக்கும் இந்த நீட்சி சொல்லப்படுகிறது, ஆனால் பாக்கை விடாமல் நீட்டிப் பயனில்லை.

மொழிச்செல்வி

நல்ல தகவல். மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பொதுவாக அதை வாய் இறுக்கம் என்று கணக்கில் எடுப்பார்கள். வலி அதிகமாகும் அளவுக்கு இழுக்க வேண்டாம், தசை எதிர்த்து இன்னும் இறுகும்.

நடுநிசி

குறட்டைக்கும் நாக்குப் பயிற்சி என்கிறார்களே, அதுவும் விசில் கதைதானா?

மொழிச்செல்வி

இல்லை, அது கொஞ்சம் வேறு. அங்கே தொண்டைத் தசை தூக்கத்தில் தளர்ந்து விழுவதுதான் பிரச்சினை, பலத்துக்கு அங்கே வேலை உண்டு. 2009-ல் பிரேசிலில் மிதமான தூக்க மூச்சுத்தடை உள்ள 31 பேரிடம் மூன்று மாதம் தினமும் நாக்கு, அண்ணப் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சுத்தடை சுமார் 40 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்தவையும் அதே திசையில்தான் காட்டுகின்றன. சி-பாப் கருவி (தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தருவது) கொடுத்திருந்தால் இதை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.

மாலைமங்கல்

என் அத்தைக்குக் காலையில் முகம் நன்றாகவே இருக்கிறது. சாயங்காலம் ஆனால் இமை தொங்குகிறது, உணவை மென்றுகொண்டே இருந்தால் வாய் சோர்ந்துவிடுகிறது, பேசப் பேச மூக்கால் பேசுவதுபோல ஆகிறது. தசை பலவீனம்தானே, எந்தப் பயிற்சி நல்லது?

குமரன் பிசியோ

எதுவும் வேண்டாம். உபயோகிக்க உபயோகிக்கச் சோர்ந்து, ஓய்வெடுத்தால் திரும்பி வருவது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயாக இருக்கலாம். நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வரும் பழுது. பயிற்சி கொடுத்தால் இன்னும் சோர்வார். மருந்து உண்டு, நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது, எமர்ஜென்சி.

சாரல்

இத்தனை விஷயமா! குமரன் சார், பபிள் கம், பலூன் எல்லாவற்றுக்கும் விடுதலை கொடுத்துவிட்டேன். தம்பிக்குத்தான் வருத்தம். நேற்று வாயோரத்தில் லேசாக ஏதோ துடித்த மாதிரி இருந்தது, கற்பனையா என்று தெரியவில்லை. எதுவரை காத்திருப்பது, எப்போது திரும்ப டாக்டரிடம் போவது?

குமரன் பிசியோ

கற்பனையா என்று தெரிய ஒரு வழி: மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஃபோனில் வீடியோ எடுங்கள். சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்குவது, மெதுவாகக் கண் மூடுவது, சிரிப்பு, உதடு குவிப்பு. தினமும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மூன்று மாதமாகியும் முழுதாகத் தேறவில்லை என்றால் கட்டாயம் திரும்பக் காட்ட வேண்டும். அதற்கு முன்னாலேயே போக வேண்டியவை: காதில் கொப்புளம் (அது அக்கி வகை, சிகிச்சை வேறு), மறுபக்கமும் பலவீனம், கை கால் மரத்துப்போவது, முகம் தேறுவதற்குப் பதில் வாரத்துக்கு வாரம் மோசமாவது. பெல்ஸ் பால்சி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வந்துவிடும், மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

துடிப்பு உண்மையாக இருந்தால் நான் முன்பு எழுதிய இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம், வாயோரத்தில் மட்டும். சிரிக்கும்போது கண் கூடவே சுருங்குகிறதா என்று இப்போதிலிருந்தே பாருங்கள். பெரும்பாலும் மூன்று, நாலு மாதத்துக்குப் பிறகுதான் அது தலைகாட்டும். தெரிந்தால் சிரிப்பின் அளவைக் குறையுங்கள், தடவையைக் கூட்டாதீர்கள்.

ஓரக்கண்

டேப்பை இமைக்குக் குறுக்காக ஒட்டுங்கள் சாரல், நெடுக்காக ஒட்டினால் நடு இரவில் கழன்றுவிடும். களிம்பு போட்டபின் இமையோரத்தைத் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் பிடிக்கும்.